வருகைப் பதிவேட்டில் இல்லாத ஏழு மாணவர்கள்



இலக்கணம், கட்டுரை, கற்பித்தல் என்றே எழுதிவரும் நான், இன்று சற்று வேறுபட்ட பொருளை எடுத்துக்கொள்கிறேன். இணையத்தளங்களை மனிதருக்கு மாற்றாகச் சோதித்துப் பார்க்கும் நிரல் ஒன்று, கடவுச்சொல் கேட்கும் கதவின்முன் வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதே அப்பொருள்.

தொடக்கப்பள்ளித் தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். கதவைச் செய்பவர் கணினி வல்லுநராக இருக்கலாம். ஆனால், அக்கதவின்முன் நின்று, உள்ளே போக முடியாமல், அதை வெளியே சொல்லவும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அறிந்தவர் ஆசிரியர்தாம். அந்த அறிவு சோதனைக்குள் போகாவிட்டால் சோதனை பாதிதான்.

ஏன் இந்தத் தேவை வந்தது?

எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பாசிர் பெனம்பாங், புக்கிட் ரோத்தான் வட்டாரத்தையும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களையும் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஜூன் 15-இல் கல்வி அமைச்சு டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கியது. அதன்பின், தன் பெயரை முழுமையாக எழுதப் பழகுமுன்பே ஒரு பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன.

என் முன்னாள் மாணவர் ஒருவர் மென்பொருள் சோதனையாளராகப் பணியாற்றுகிறார். அவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் சேர்ந்து, ஓய்வு நேரத்தில், தமிழ்ச் சொற்பயிற்சிக்கென ஒரு சிறு தளம் அமைத்துத் தந்தனர். விலையில்லை, விளம்பரமில்லை. வாரம் ஒரு முறை கணினி அறையில் பயன்படுத்துவோம். மற்ற நாள்களில் பிள்ளைகள் வீட்டிலிருந்து கைப்பேசியில் பயிற்சி செய்வார்கள்.

தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை முப்பது நிமிடம். இரண்டு பாடவேளையைச் சேர்த்தால் ஒரு மணி நேரம். அதில் நுழைவதற்கே இருபது நிமிடம் போய்விட்டால் பாடம் எங்கே நடப்பது? கடைசியாக நுழையும் பிள்ளை பெரும்பாலும் வீட்டில் கணினி இல்லாத பிள்ளையாகவே இருக்கும். பயிற்சி யாருக்கு மிகத் தேவையோ அவருக்கே நேரம் குறைகிறது. ஆகவே, கதவு ஒழுங்காகத் திறக்கிறதா என்பதை ஒவ்வொரு வாரமும் வகுப்புக்குமுன் சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

தானே நடக்கும் உலாவி

உலாவியை ஒரு நிரலே திறந்து, ஒரு மனிதர் செய்வதுபோல் பக்கத்துக்குப் பக்கம் சென்று, எழுதி, அழுத்தி, வருவதைச் சரிபார்ப்பதைத்தான் தானியங்கிச் சோதனை என்கிறார்கள். இத்துறையில் மிகப் பரவலாக அறியப்பட்ட கருவி செலினியம். 2004-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் இதைத் தொடங்கினார். பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்தில் சோதனைக் கருவிகள் விற்றுவந்த பெரிய நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி, பொருள், பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்பார்கள். அந்தக் குறும்பே பெயராயிற்று.

பின்னர் சைமன் ஸ்டுவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் என்னும் கருவி இதனோடு இணைந்து, 2011-இல் செலினியத்தின் இரண்டாம் பதிப்பாக வெளிவந்தது. 2018 ஜூன் மாதத்தில் வெப்டிரைவரை உலகளாவிய வலைத்தர அமைப்பே ஒரு பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது.

இக்கருவிக்கு நாம் தரும் கட்டளைகள் மிக எளியவை. இந்த முகவரிக்குப் போ. இந்தப் பெட்டியைக் கண்டுபிடி. இதை எழுது. இந்தப் பொத்தானை அழுத்து. இந்தச் சொல் திரையில் தோன்றும்வரை காத்திரு. தோன்றினால் தேர்ச்சி, தோன்றாவிட்டால் தோல்வி. முதலாம் ஆண்டு மாணவருக்குக் கட்டளை வாக்கியம் சொல்வதுபோலத்தான். ஒன்றை விட்டுவிட்டால் அதைச் செய்யாது. கூடுதலாக ஒன்றைத் தானே ஊகிக்கவும் செய்யாது.

இதில் ‘காத்திரு’ என்னும் கட்டளையை மட்டும் கவனமாகத் தர வேண்டும். ஐந்து நொடி காத்திரு என்று சொல்வது எளிது. இணைப்பு வேகமாக இருக்கும் நாளில் ஐந்து நொடியும் வீண். மெதுவாக இருக்கும் நாளில் ஐந்து நொடி போதாது. அதனால்தான், மாணவரின் பெயர் திரையில் தோன்றும்வரை காத்திரு என்று சொல்ல வேண்டும். நேரத்தைப் பார்த்து அன்று, நிகழ்வைப் பார்த்து அடுத்த அடி வைக்க வேண்டும் என்பது சோதனையாளர்களின் பாலபாடம்.

இரண்டு விதமான கதவுகள்

கடவுச்சொல் கேட்கும் கதவு ஒரே வகையன்று. இந்த வேறுபாட்டை விளக்க எங்கள் ஊர்ப் பெயரே எனக்கு உதவுகிறது. ஆள்களைக் கூலிக்கு ஏற்றிச் சென்று அக்கரை சேர்க்கும் படகைப் பெனம்பாங் என்னும் மலாய்ச் சொல் குறிக்கும். படகோட்டி கூலியை இரண்டு விதமாக வாங்கலாம். உங்களைப் படகில் ஏற்றி அமரவைத்தபின் கேட்கலாம். அல்லது, படகில் காலை வைக்குமுன் துறையிலேயே கேட்கலாம்.

படகில் ஏறியபின் கேட்பதுபோன்றது முதல் வகைக் கதவு. பக்கம் வந்துவிடும், அப்பக்கத்தின் உள்ளேயே பெயருக்கு ஒரு பெட்டி, கடவுச்சொல்லுக்கு ஒரு பெட்டி, ஒரு பொத்தான் என்று இருக்கும். நாம் நாள்தோறும் காண்பது பெரும்பாலும் இதுவே. பெட்டிகள் பக்கத்தின் பகுதிகள் என்பதால் சோதனைக் கருவிக்கு அவை நன்றாகத் தெரியும்.

இரண்டாம் வகை, துறையிலேயே கூலி கேட்பது. பக்கம் வருமுன்பே உலாவி தன் சொந்தச் சிறுபெட்டி ஒன்றைத் திரையில் காட்டும். பின்னணியில் நடப்பது இதுதான்: உலாவி பக்கத்தைக் கேட்கிறது, வழங்கி, 401 என்னும் எண்ணோடு ‘நீ யார் என்று முதலில் சொல்’ என்று மறுமொழி அனுப்புகிறது, உலாவி உங்களிடம் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, இரண்டையும் முக்காற்புள்ளி இட்டுச் சேர்த்து, பேஸ்64 என்னும் முறையில் எழுத்துமாற்றி அனுப்புகிறது. எழுத்துமாற்றம் என்றவுடன் மறைப்பு என்று எண்ணிவிட வேண்டா. யார் வேண்டுமானாலும் அதைத் திருப்பிப் படிக்கலாம். ஆகவே, இணைப்பு முழுவதும் மறைகுறியாக்கப்பட்ட பாதுகாப்பு இணைப்பாக இருந்தாலன்றி இந்தக் கதவைப் பயன்படுத்தக் கூடாது.

பொதுமக்கள் இந்த இரண்டாம் கதவை இப்போது அதிகம் காண்பதில்லை. ஆனால், சோதனையாளர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். காரணம், புதிய பதிப்பை வெளியிடுமுன் அதை ஒரு தனி முகவரியில் வைத்துச் சோதிப்பார்கள். அந்த முகவரிக்குள் வெளியார் நுழையாதிருக்க, மிக எளிதாக வைக்கக்கூடிய பூட்டு இதுவே. எங்கள் தளத்துக்கும் அப்படித்தான். வெளிவாயிலில் உலாவியின் பெட்டி. அதைத் தாண்டினால் பிள்ளைகள் நுழையும் உள்கதவு.

கருவி ஏன் திகைத்து நின்றது?

முதல் வாரம் சோதனை வெளிவாயிலிலேயே நின்றுவிட்டது. பிழைச்செய்தியும் இல்லை, நகர்வும் இல்லை. நான் திரையைப் பார்த்தேன். பெட்டி என் கண்முன் தெளிவாக நின்றது. எனக்குத் தெரியும் பெட்டி கருவிக்கு ஏன் தெரியவில்லை?

முன்னாள் மாணவர் விளக்கினார்: “ஐயா, இந்தப் பெட்டி பக்கத்துக்குள் இல்லை. உலாவிக்குச் சொந்தமானது. கருவிக்குப் பக்கத்துக்குள் இருப்பது மட்டுந்தான் தெரியும்.”

பக்கமே எழுப்பும் எச்சரிக்கைப் பெட்டி, ‘ஆம்’ ‘இல்லை’ கேட்கும் பெட்டி ஆகியவற்றைக் கையாள வெப்டிரைவர் தரத்தில் கட்டளைகள் உண்டு. ஆனால், இந்த நுழைவுப் பெட்டி அவற்றோடு சேராது. பார்வைக்கு உடன்பிறப்பு, உண்மையில் வேறு வீட்டுப் பிள்ளை.

இதற்குச் சோதனையாளர்கள் கண்டுள்ள வழிகள் சில.

முதலாவது, பெயரையும் கடவுச்சொல்லையும் முகவரியிலேயே சேர்த்து எழுதிவிடுவது. முதலில் பெயர், பிறகு முக்காற்புள்ளி, பிறகு கடவுச்சொல், பிறகு @ குறி, அதன்பின் தளத்தின் முகவரி. பெட்டி தோன்றாமலேயே கதவு திறக்கும். ஆனால் இதில் இடர்கள் உண்டு. பயனர் பெயரே மின்னஞ்சலாக இருந்தால் அதற்குள்ளும் @ குறி இருக்குமல்லவா? பெயர் எங்கே முடிகிறது, முகவரி எங்கே தொடங்குகிறது என்பது குழம்பும். அங்கே @ குறிக்கு மாற்றாக %40 என்று எழுத வேண்டும். மேலும், வங்கியின் பெயரை @ குறிக்கு முன்னால் போட்டு மக்களை வேறு தளத்துக்கு ஏமாற்றி அழைத்துச் செல்லும் தீயோர் இவ்வழியைப் பயன்படுத்தினர். அதனால் 2004-ஆம் ஆண்டிலேயே மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியிலிருந்து இந்த வசதியை நீக்கிவிட்டது. கடவுச்சொல் முகவரியோடு சேர்ந்து பதிவேடுகளில் தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது, உலாவிக்கு வெளியே நின்று விசைப்பலகையை இயக்கும் வேறொரு நிரலை ஏவிவிடுவது. பெட்டி வந்ததும் அது எழுதி ‘என்டர்’ விசையை அழுத்தும். இடையில் வேறொரு சாளரம் முன்னால் வந்துவிட்டால் கடவுச்சொல்லை அதில் எழுதிவிடும். பல ஆண்டுகள் பலரும் இப்படித்தான் காலம் கடத்தினர்.

மூன்றாவது வழியே முறையானது. 401 என்னும் மறுமொழி வரும்போது என்ன விடை தர வேண்டும் என்று உலாவிக்கே முன்கூட்டிச் சொல்லி வைப்பது. 2021 அக்டோபரில் வந்த செலினியம் நான்காம் பதிப்பில் குரோம் வகை உலாவிகளுக்கு இவ்வசதி கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட பிளேரைட் என்னும் கருவியிலும், உலாவியைத் திறக்கும்போதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிடலாம். நாங்கள் இந்த மூன்றாம் வழியையே எடுத்துக்கொண்டோம்.

அவ்வேளையில், வெளிவாயிலின் பெயரையும் தமிழிலேயே வைக்கலாமே என்று நான் கேட்டேன். “அதற்கு மட்டும் ரோமன் எழுத்தே இருக்கட்டும் ஐயா” என்றார் அவர். காரணத்தையும் சொன்னார். இக்கதவுக்கான 1999-ஆம் ஆண்டு விதியில், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை எப்படி அனுப்ப வேண்டும் என்று வரையறுக்கப்படவில்லை. உலாவிக்கு உலாவி வேறுபட்டது. 2015-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7617 என்னும் விதிதான், ஒருங்குறியின் யு.டி.எஃப்.-8 முறையில் அனுப்புக என்று வழங்கி கேட்டுக்கொள்ள வழி செய்தது. பதினாறு ஆண்டு இடைவெளி! நம் எழுத்து இணையத்தில் வந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்திருந்த காலத்தில், கதவுக்கு வெளியே அது இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

தேர்ச்சி பெற்ற சோதனை, நுழைய முடியாத பிள்ளை

வெளிவாயில் திறந்தது. உள்கதவும் திறந்தது. சோதனை அறிக்கையில் எல்லாம் பச்சை நிறம். எனினும், வகுப்பில் கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன.

அதைவிடவும் என்னை உறுத்திய ஒன்று நடந்தது. வீட்டில் பயிற்சி செய்யாதவர்களின் பட்டியலைத் தளமே வாரந்தோறும் தரும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பெயர் மூன்று வாரம் தொடர்ந்து அதில் வந்தது. ஆனால், வகுப்பில் அந்த வாரச் சொற்களை அவளால் தயங்காமல் சொல்ல முடிந்தது. செய்யாத பயிற்சியை எப்படிக் கற்றாள்? கேட்டால், “செய்தேன் ஐயா” என்பாள், தலையைக் குனிந்துகொள்வாள்.

அவளுடைய தாயாரிடம் பேசியபோது விளங்கியது. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இரவு அவர் வீடு திரும்பிய பிறகே பிள்ளைகளுக்குக் கைப்பேசி கிடைக்கும். முதலில் அண்ணன் பயிற்சி செய்வான், பிறகு தங்கை. அண்ணன் வெளியேறாமல் விட்ட தளத்தில் தங்கை தன் பயிற்சியைச் செய்திருக்கிறாள். அவள் உழைப்பெல்லாம் அண்ணன் கணக்கில் ஏறியிருக்கிறது. யாருடைய கணக்கு திறந்திருக்கிறது என்பதைத் திரையில் எங்கும் தளம் காட்டவில்லை.

ஒரு குழந்தை சோம்பேறி என்று பெயர் வாங்குவதற்கு இவ்வளவு போதுமானதாக இருக்கிறது. அந்தப் பட்டியல் அப்படியே பெற்றோர் சந்திப்புக்குப் போயிருந்தால்?

சோதனை ஏன் இதைக் காணவில்லை? செலினியம் போன்ற கருவிகள் ஒவ்வொரு முறையும் புத்தம்புதிய உலாவியைத் திறக்கின்றன. அதில் பழைய நினைவு எதுவும் இராது. சேமித்த கடவுச்சொல் இல்லை; வெளியேறாத அண்ணனும் இல்லை. சோதனைக்கு அது நல்ல ஒழுங்குதான். ஒரு சோதனையின் அழுக்கு மற்றொன்றில் ஒட்டக்கூடாது. ஆனால், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கருவி உள்ள வீட்டை மட்டுமே அச்சோதனை அறியும். எங்கள் பிள்ளைகளின் வீடு அப்படிப்பட்டதன்று.

ஏழு மாணவர்களின் பதிவேடு

“சோதனைக்கு எந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள்?” என்று நான் கேட்டேன். ஒரே ஒரு போலிப் பெயர், அதுவும் நான்கே ரோமன் எழுத்துகளில். அன்று மாலை உட்கார்ந்து ஏழு மாணவர்களை உருவாக்கினேன். இவர்கள் எந்தப் பள்ளியிலும் இல்லை. ஆனால் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள்.

1. வள்ளி: எல்லாவற்றையும் சரியாகச் செய்பவள். இவள் நுழைந்தே ஆக வேண்டும். முன்பிருந்த சோதனை இவளை மட்டுமே அறிந்திருந்தது.

2. ஔவை: எங்கள் தளத்தில் பெயரைத் தமிழிலும் தட்டலாம். பிள்ளைகள் ‘ஔ’ என்னும் ஓரெழுத்தைத் தட்டாமல் ‘ஒ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டுவார்கள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு முற்றிலும் வேறு. இரண்டையும் ஏற்க வேண்டும்.

3. கொற்றவை: ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் சிறிதும் வேறுபாடு தெரியாது. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்னும் முறை ஒருங்குறியிலேயே உள்ளது. அதைச் செய்யாத தளத்தில், சரியாக எழுதிய கொற்றவை வெளியே நிற்பாள். ஔவையின் சிக்கலை இம்முறை தீர்க்காது என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே எழுத்தே வேறு. அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும்.

4. இளங்கோ ஏ/எல் சேரலாதன்: சிலம்பு படித்தவர்கள் சிரிப்பீர்கள். ஆனால், மலேசிய இந்தியர்களின் பிறப்புப் பத்திரத்தில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று வரும் சாய்கோடு, படிவங்களில் நமக்குத் தரும் தொல்லையை நாம் அறிவோம். முகவரியில் சாய்கோட்டுக்குத் தனிப்பொருள் உண்டு. சில படிவங்கள் எழுத்தல்லாத எதையும் ஏற்பதில்லை. தன் தந்தையின் பெயரை எழுதியதற்காக ஒரு பிள்ளை தடுக்கப்படக் கூடாது.

5. பாரி: வள்ளலல்லவா? கேட்டதற்கு மேலேயே கொடுப்பான். பெயரை ரோமன் எழுத்தில் தட்டும்போது கைப்பேசி தானாகவே முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். சொல்லைப் பரிந்துரைத்துவிட்டு இறுதியில் ஓர் இடைவெளியையும் சேர்க்கும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. பெயரின் ஓரங்களில் உள்ள இடைவெளியையும் எழுத்தின் பெரிது சிறிதையும் தளம் பொருட்படுத்தாதிருக்க வேண்டும். கடவுச்சொல்லில் மட்டும் எதையும் மாற்றக் கூடாது.

6, 7. அங்கவை, சங்கவை: ஒரே வீடு, ஒரே கைப்பேசி. இவர்களுக்கு மட்டும் கருவி புதிய உலாவியைத் திறக்கக் கூடாது. அங்கவை நுழைவாள், வெளியேறாமல் உலாவியை மூடுவாள். அதே உலாவியைச் சங்கவை திறப்பாள். அப்போது தளம் என்ன செய்கிறது?

முன்னாள் மாணவர் பட்டியலைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இப்படி யாரும் எங்களிடம் எழுதிக் கொடுத்ததில்லை ஐயா” என்றார்.

ஔவையும் கொற்றவையும் தொடர்பாக மற்றொன்றும் தெரியவந்தது. நாங்கள் நிரலில் எழுதிவைத்த தமிழ்ப் பெயரைக் கருவி அப்படியே பெட்டியில் இடுகிறது. அது தமிழ்99 விசைப்பலகையையோ அஞ்சல் விசைப்பலகையையோ கடந்து வருவதில்லை. ஆகவே, பிள்ளைகள் தட்டும்போது பிறக்கும் வடிவங்களை நாமே திரட்டிக் கருவிக்குத் தர வேண்டும். அடுத்த கணினி வகுப்பில் பிள்ளைகளைத் தங்கள் பெயரை ஒரு வெற்றுப் பக்கத்தில் தட்டச் சொல்லி, அந்த வடிவங்களைச் சேர்த்தேன். ஒரு பெயருக்கு மூன்று வடிவங்கள் வந்ததும் உண்டு.

சாவி தவறினால்?

கதவு திறப்பதைச் சோதிப்பதோடு, திறக்கக் கூடாதபோது மூடியிருப்பதையும் சோதிக்க வேண்டும். ஏழு பேருக்கும் தவறான கடவுச்சொல் தந்து பார்த்தோம். பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்பதைத் தளம் சொல்லவில்லை. இது வேண்டுமென்றே செய்வது. எந்தப் பெயர் இருக்கிறது என்று வெளியார் ஒவ்வொன்றாகத் துழாவி அறியக் கூடாது. ஆனால், ஏழு வயதுப் பிள்ளைக்கு அச்செய்தியால் பயனில்லை. எனவே, ‘உன் அட்டையைப் பார்த்து மீண்டும் எழுது, முடியாவிட்டால் ஆசிரியரிடம் காட்டு’ என்று எளிய தமிழில் மாற்றினோம். ஐந்து முறை தவறினால் அரை மணி நேரம் பூட்டும் விதியும் இருந்தது. அரை மணி என்பது முழுப் பாடவேளை. விதியை நீக்கவில்லை, ஆசிரியர் உடனே திறந்துவிடும் பொத்தானைச் சேர்த்தோம்.

சில தளங்கள் படங்களைக் காட்டி ‘நீ மனிதன்தானா’ என்று கேட்கும். சில, கைப்பேசிக்கு ஒரு முறை எண் அனுப்பும். அவற்றை ஏமாற்றிக் கடக்கும் நிரல் எழுத முடியாதா என்று ஆசிரியர் நண்பர் ஒருவர் கேட்டார். அத்தடைகள் நிரல்களை வெளியே நிறுத்துவதற்கென்றே வைக்கப்பட்டவை. நம் தளமானால், சோதனை முகவரியில் மட்டும் அவற்றை அணைத்து வைப்பதே முறை. பிறருடைய தளமானால் அங்கே நமக்கு வேலையில்லை.

பிள்ளைகளின் சாவி நமதன்று

ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறேன். எல்லா மாணவர்களின் பெயரும் கடவுச்சொல்லும் என்னிடமே இருக்கின்றன. அவற்றையே கருவிக்குக் கொடுத்து ஒவ்வொரு கணக்கையும் திறந்து பார்த்துவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். செய்யக் கூடாது. நிரல் எழுதும் கோப்பு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போகும், படியெடுக்கப்படும். அதனோடு பிள்ளைகளின் சாவிகளும் போய்விடும். தவிரவும், கருவி நுழைந்து அழுத்திய விடைகள் பிள்ளையின் மதிப்பெண்ணோடு கலந்துவிடும். இல்லாத மாணவர்களை உருவாக்கியதன் முதற்காரணமே இதுதான். அவர்களுடைய கடவுச்சொற்களைக்கூட நிரலுக்குள் எழுதாமல், அதை ஓட்டும் கணினியில் தனியாக வைத்து, ஓடும்போது மட்டும் எடுத்துத் தரும்படி செய்தார் முன்னாள் மாணவர். போலிச் சாவிக்கும் இந்தப் பழக்கம் வேண்டும். அப்போதுதான் உண்மைச் சாவி கையில் வரும்போது தவறாது.

என்ன மாறியது?

இப்போது நுழைந்தவுடன் பிள்ளையின் பெயர் பெரிய தமிழ் எழுத்தில் தோன்றும். அருகில் அது தேர்ந்தெடுத்த படம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையும் படத்தைக் கண்டு தன் கணக்கா, அண்ணன் கணக்கா என்று அறிந்துகொள்ளும். ‘இது நானில்லை’ என்னும் பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் முன்னவர் வெளியேற்றப்படுவார். அங்கவை, சங்கவை சோதனை ஒவ்வொரு வாரமும் இதைச் சரிபார்க்கிறது. இருபது நிமிடம் பிடித்த நுழைவு, வகுப்பில் இப்போது ஏழெட்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டாம் ஆண்டு மாணவியின் மூன்று வாரப் பயிற்சியை அண்ணன் கணக்கிலிருந்து பிரித்தெடுத்து அவள் பெயரிலேயே சேர்த்தோம். பட்டியலிலிருந்து அவள் பெயர் நீங்கியது.

ஆசிரியர் நண்பர்களே, நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் பள்ளிக்கு யாரேனும் ஒரு தளமோ செயலியோ அமைத்துத் தந்தால், உங்கள் வகுப்பை எண்ணிப் பார்த்து இப்படி ஒரு பதிவேட்டை எழுதிக் கொடுங்கள். எந்தப் பெயர் கணினியில் சிக்குகிறது? எந்த எழுத்தைப் பிள்ளைகள் மாற்றித் தட்டுகிறார்கள்? எந்த வீட்டில் ஒரு கைப்பேசியை மூவர் பகிர்கிறார்கள்? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில், முதல் வாரத்திலேயே மாணவரின் பின்னணியை அறிந்து குறித்துக்கொள்ள வேண்டும் என்று நமக்குக் கற்பித்தார்கள். அந்தக் குறிப்பேடு கணினித் துறையினருக்கும் தேவைப்படுகிறது. நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் அவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

எங்கள் பதிவேட்டில் எட்டாம் மாணவர் ஒருவர் அடுத்த வாரம் சேர்கிறார்: பயிற்சியின் நடுவில் இணைப்பு அறுந்து, மீண்டும் நுழையும்போது எழுதியதெல்லாம் மறைந்துவிடும் தோட்டப்புறப் பிள்ளை. அவருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.